புதியவர் ஒரு பக்கம், அனுபவசாலி ஒரு பக்கம்: சிங்கப்பூர்த் தமிழ் உதவிக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கைப்பேசி, கணினிச் சிக்கல்களுக்கு ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் இணையக் குழுக்களில் ஒரு வாக்குவாதம் ஓயாமல் வரும். இப்போதுதான் கற்றுக்கொள்கிறவர்களும் பல வருடப் பழக்கம் உள்ளவர்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமா, தனித்தனியே இருப்பது நல்லதா? சிங்கப்பூரில் தமிழ் பேசுகிறவர்களுக்காக வாட்ஸ்அப்பில் நடக்கும் ஒரு குழு இரண்டையுமே செய்து பார்த்தது. முதலில் பிரிந்தது, பிறகு வேறொரு விதமாகச் சேர்ந்தது. அந்தக் குழுவில் பதில் சொல்கிறவர்களில் நானும் ஒருவன், நிர்வாகி இல்லை. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயரும் அடையாளமும் இல்லாமல் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்தும் இடத்தில் புதியவர்களைத் தனியாக உட்கார வைக்கலாம், வைப்பதே நல்லது. உதவி கேட்கும் இடத்தில் பிரிக்கக் கூடாது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு என்பதை எங்கள் குழு கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் கண்டுபிடித்தது.

குழு உருவான விதம்

2020இல், சர்க்கிட் பிரேக்கர் எனப்பட்ட கோவிட் ஊரடங்குக் காலத்தில் குழு தொடங்கியது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை வீட்டுக்குள்ளேயே இருந்த அந்த வாரங்களில், அதுவரை மகனோ மருமகளோ பார்த்துக்கொண்ட வேலையெல்லாம் அவரவர் கைக்கே வந்தது. பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பாடம், காசு அனுப்ப பேநவ், அப்புறம் கடைக்குள் நுழையவே சேஃப்என்ட்ரி வருகைப் பதிவு. தேக்காவில் கடை வைத்திருப்பவர், ஈசூனில் தனியாக இருக்கும் பாட்டி, துவாஸ் தங்குவிடுதியில் வெளியே போக முடியாமல் இருந்த கட்டுமான ஊழியர், சாங்கி பிசினஸ் பார்க் அலுவலக வேலையை வீட்டு மேசையில் செய்துகொண்டிருந்த மென்பொருள் பொறியாளர் என்று பலரும் ஒரே குழுவில் வந்து சேர்ந்தார்கள்.

அரசாங்கம் தன் பங்குக்கு அதே ஆண்டு எஸ்ஜி மின்னிலக்க அலுவலகத்தை அமைத்து 1,000 மின்னிலக்கத் தூதர்களைச் சேர்த்தது. நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் அவர்கள் முதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சேவைமேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் பல சிக்கல்கள் இரவு ஒன்பதரை மணிக்கு வருகின்றன. அந்த நேரத்தில் "ஓடிபி வரல, நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு, என்ன செய்றது தம்பி" என்று தமிழில் கேட்க ஓர் இடம் வேண்டும். குழு வளர்ந்தது இந்தத் தேவையால்தான்.

வாட்ஸ்அப் குழுவில் அப்போது 256 பேர்தான் இருக்க முடியும். ஆள் எண்ணிக்கையே குழுவைக் கட்டுக்குள் வைத்திருந்தது. 2022இல் அந்த வரம்பு 512 ஆகி, பிறகு 1,024 ஆனது. அதே ஆண்டு நவம்பரில், பல குழுக்களை ஒன்றாக இணைத்து நடத்தும் 'கம்யூனிட்டிஸ்' வசதியும் வந்தது. பிரிக்கலாம் என்ற பேச்சு சூடு பிடித்தது அப்போதுதான். வசதி வந்ததும், அதுவரை முணுமுணுப்பாக இருந்த மனக்குறை ஒரு திட்டமாக மாறியது.

இரண்டு பக்கமும் நியாயம்

பிரிக்கச் சொன்னவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் சொன்னதில் பாதி சரி.

வீட்டு இணையத்தில் தொலைத்தொடர்பு நிறுவனம் கொடுத்த ரவுட்டரும் தானே வாங்கிய மெஷ் கருவியும் ஒன்றின்மேல் ஒன்றாக முகவரி மாற்றம் செய்வதால், பிள்ளையின் விளையாட்டும் அலுவலக விபிஎன்னும் அடிக்கடி அறுந்துபோகின்றன என்று ஒருவர் விவரமாக எழுதியிருப்பார். அடுத்த அரை மணி நேரத்தில் அதன்மேல், அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு பற்றிய கேள்விகள் வந்து குவியும். குடும்பத்தில் ஒருவர், அரசாங்க இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாக நுழைந்து பற்றுச்சீட்டைப் பெற வேண்டும் என்பதால், புதிய பற்றுச்சீட்டு அறிவிக்கும் நாளில் குழுவில் வேறெதற்கும் இடம் இருக்காது. ரவுட்டர் கேள்வி காணாமலே போகும். இப்படிச் சில தடவை நடந்தால் அந்தப் பொறியாளர் குழுவைத் திறப்பதையே நிறுத்திவிடுவார். அவர் நிறுத்தினால் அவர் சொல்லும் பதில்களும் நின்றுபோகும்.

இன்னொரு பக்கம் புதியவர்கள் பட்ட காயம். "செட்டிங்ஸ்ல பெர்மிஷன் கிளியர் பண்ணிட்டு கேஷ் அழிங்க" என்று ஒரே வரியில் பதில் வரும். சொன்னவருக்கு அது முழுமையான பதில். கேட்டவருக்கு அதில் மூன்று சொற்கள் புரியாது. திரும்பக் கேட்டால் "மேலே சொல்லியாச்சே" என்பார்கள். அதைவிட மோசம், "கூகிள் பண்ணிப் பாருங்க அக்கா" என்ற பதில். கூகிளில் எதைத் தேடுவது என்று தெரிந்தால் அந்த அக்கா எதற்குக் குழுவுக்கு வரப்போகிறார்? அவர் இரண்டு நாளில் குழுவைவிட்டு வெளியேறினார். யாரும் கவனிக்கவில்லை.

கல்வி உளவியலில் இதற்கு அடிப்படை உண்டு. கல்யுகா, ஸ்வெல்லர் முதலியோர் 2003இல் விரிவாக எழுதிய ஒரு விளைவு இது: படிப்படியான விளக்கம் புதியவருக்குப் பெரிதும் உதவும், அதே விளக்கம், விஷயம் தெரிந்தவரின் கவனத்தைச் சிதறடித்து அவரைத் தாமதப்படுத்தும். ஆகவே ஒரே பதில் எல்லாருக்கும் பொருந்தாது. பிரிக்கச் சொன்னவர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அனுபவத்தில் அதையே உணர்ந்திருந்தார்கள்.

சரி என்று குழு பிரிந்தது. ஒன்று தொடக்கநிலை, மற்றது தொழில்நுட்பம். யார் எதில் சேர்வது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். இரண்டிலும் இருந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் நானும் உண்டு.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. தொழில்நுட்ப அறையில் ஆழமான உரையாடல்கள் திரும்பின. தொடக்க அறையில், அதுவரை வாயே திறக்காத சிலர் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். "இங்க எல்லாரும் நம்ம மாதிரிதான்" என்று ஒரு அம்மா குரல்பதிவு போட்டார். அந்த நிம்மதி உண்மையானது. அதைக் கெடுக்காமல் எப்படித் திரும்பச் சேர்வது என்பதுதான் பின்னால் எங்களுக்குப் பெரிய கேள்வியானது.

மீன் கடையின் ஆப்

2023இல் சிங்கப்பூரில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைக் குறிவைத்த மோசடி பரவலாக நடந்தது. சமூக ஊடகத்தில் வீடு சுத்தம் செய்யும் சேவை, மலிவு விலை மீன், இறால் என்று விளம்பரம் வரும். தொடர்புகொண்டால் ஆர்டர் செய்ய ஓர் ஆப்பை வாட்ஸ்அப்பிலேயே அனுப்புவார்கள். அது பிளே ஸ்டோரில் இருக்காது; நேரடியாகக் கோப்பாக வரும். அதை நிறுவி, உடற்குறை உள்ளவர்களின் உதவிக்காக இருக்கும் 'அணுகல்தன்மை' அனுமதியையும் கொடுத்துவிட்டால் போதும். திரையில் நடப்பதை அந்த ஆப் பார்க்கும், தட்டச்சு செய்வதைப் படிக்கும், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியையும் எடுத்துக்கொள்ளும்.

தொடக்க அறையில் ஓர் உறுப்பினர் கேட்டார்: "மீன் ஆர்டர் பண்ண ஆப் அனுப்பியிருக்காங்க. போட்டா 'தெரியாத மூலம்'னு தடுக்குது. எப்படித் திறக்கிறது?"

பதில் உடனே வந்தது. சொன்னவர் நல்ல மனிதர், உதவ வேண்டும் என்ற ஆசை உள்ளவர், கைப்பேசியை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர். அமைப்புகளில் எங்கே போய் எதை அனுமதிக்க வேண்டும் என்று திரையைப் படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். கேட்ட கேள்விக்கு அது மிகச் சரியான பதில். ஒரு படிகூடத் தவறவில்லை.

பழக்கப்பட்ட கண் அந்த அறையில் இருந்திருந்தால் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி வேறு. மீன் வாங்க எதற்கு ஆப்? அதை எதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்? கைப்பேசி ஏன் தடுக்கிறது?

இரண்டு அறைகளிலும் இருந்த ஒருவர் சுமார் ஒரு மணி நேரம் கழித்து இதைப் பார்த்து, கேள்வி கேட்டவருக்கு உடனே போன் செய்தார். கைப்பேசியை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, வீட்டில் இருந்த இன்னொரு கைப்பேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணை அழைத்து, கணக்கை முடக்கச் சொல்லி, பிறகு கைப்பேசியை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்தார்கள். ஆப் நிறுவப்பட்டிருந்தது; வங்கிக் கணக்கில் அவர் இன்னும் நுழைந்திருக்கவில்லை. காசு போகவில்லை. ஆனால் அந்த இரவு அவர் பட்ட பயம் சாதாரணமானதல்ல.

இந்தப் பயம் மிகையானது என்று நினைப்பவர்கள் சில எண்களைப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் கிட்டத்தட்ட 790 பேர் 13.7 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தார்கள். 2023இல் சிங்கப்பூரில் எல்லா வகை மோசடிகளிலும் போனது 651.8 மில்லியன் வெள்ளி; 2024இல் அது 1.1 பில்லியனைத் தொட்டது. இதன் பின்னணியில்தான் வங்கிகள் குறுஞ்செய்தி இணைப்புகளை நிறுத்தின, கணக்கில் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தன, ஆபத்தான ஆப் இருந்தால் வங்கிச் செயலியே திறக்காதபடி செய்தன. 2024 பிப்ரவரியில் கூகிள், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, இப்படி வெளியிலிருந்து வந்து குறுஞ்செய்தி, அணுகல்தன்மை போன்ற அனுமதிகளைக் கேட்கும் ஆப்களை நிறுவும்போதே தடுக்கும் சோதனை முயற்சியை இங்கேதான் தொடங்கியது. உலகத்தில் வேறெங்கும் தொடங்குவதற்கு முன்னால் சிங்கப்பூரில். நிலைமை அவ்வளவு தூரம் போயிருந்தது.

கைப்பேசிக் கேள்வி ஒன்றுக்குச் சுமாரான பதில் சொன்னால் பத்து வருடத்துக்கு முன் அதிகபட்சம் படங்கள் அழிந்துபோகும். இன்று வாழ்நாள் சேமிப்பு போகலாம். தொடக்க அறை என்றால் சின்னக் கேள்விகளின் அறை என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பணத்தோடு சம்பந்தப்பட்ட கேள்விகளில் பெரும்பகுதி அங்கேதான் வந்தது.

பேச்சு வராத போன்

இரண்டாவது கேள்வி தோட்ட வேலை செய்யும் ஊழியர் ஒருவருடையது. "டேட்டா வருது, வாட்ஸ்அப்ல ஊருக்குப் பேசுறேன். ஆனா முதலாளி போன் அடிச்சா வரல. நான் அடிச்சாலும் போகல."

தொடக்க அறையில் வந்த பதில்கள்: அணைத்துப் போடுங்கள், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள், கடையில் புது சிம் வாங்குங்கள், கடைசியில் போன் பழசாகிவிட்டது, மாற்றுங்கள். அவர் புதுக் கைப்பேசி வாங்கக் காசு திரட்டத் தொடங்கிவிட்டார்.

இது 2024இன் பிற்பகுதி. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலிலேயே போய்விட்டது. 2024இல் 3ஜியும் நிறுத்தப்பட்டது. அதன்பின் சாதாரண அழைப்புகள் 4ஜி வலையமைப்பிலேயே போக வேண்டும். அதற்கு வோல்ட்இ என்ற வசதி கைப்பேசியில் இருக்க வேண்டும், இயங்கியும் இருக்க வேண்டும். அதுவரை பல கைப்பேசிகள் இணையத்துக்கு 4ஜியையும் அழைப்புக்கு 3ஜியையும் பயன்படுத்தி வந்தன. பயனருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. 3ஜி போனதும் இணையம் மட்டும் மிஞ்சியது. வெளிநாட்டில் வாங்கிய சில மாதிரிகளில் 4ஜி இருந்தும் இங்குள்ள நிறுவனங்களின் வோல்ட்இ வேலை செய்யாமல் போகலாம். அவசரத்துக்கு 995ஐக்கூட அழைக்க முடியாது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

எங்கள் தொழில்நுட்ப அறையில் வலையமைப்புத் துறையில் வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களில் யார் பார்த்திருந்தாலும் முதல் கேள்வியே "வோல்ட்இ ஆன்ல இருக்கா?" என்பதாகத்தான் இருந்திருக்கும். அவருடைய கைப்பேசியில் அந்த அமைப்பு அணைந்திருந்தது. யாரோ ஒருவர் விஷயத்தை அந்த அறைக்குக் கொண்டுபோன பிறகு சிக்கல் நொடியில் தீர்ந்தது.

கேட்டவர் புதியவர். கேள்வி புதியவரின் கேள்வி அல்ல. ஆளை வைத்து அறையைப் பிரித்தால் இந்த இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம். மிஷலின் சீ, ஃபெல்டோவிச், கிளேசர் மூவரும் 1981இல் இயற்பியல் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வு இங்கே பொருந்துகிறது. கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதிய மாணவர்கள் வெளித்தோற்றத்தைப் பார்த்தார்கள்: இது சாய்தளக் கணக்கு, இது சுருள்வில் கணக்கு. தேர்ந்தவர்கள் உள்ளே இருக்கும் விதியைப் பார்த்தார்கள்: இது ஆற்றல் அழிவின்மைக் கணக்கு. கைப்பேசியிலும் அப்படித்தான். "போன் கெட்டுப்போச்சு" என்பது தோற்றம். காரணத்தைப் பார்க்கத் தெரியாதவர்தான் உதவி கேட்கிறார், அவரையே "உங்கள் கேள்வி எந்த நிலை?" என்று முடிவு செய்யச் சொன்னோம். பாலிகிளினிக்கில் நோயாளியிடமே உன் நோய் லேசா தீவிரமா என்று கேட்டு, அவர் சொன்னபடி வரிசையில் நிறுத்துவதைப் போன்றது அது.

தொண்ணூறுகளின் கோப்பு

மூன்றாவது சம்பவம் எதிர்த்திசையில் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

தொழில்நுட்ப அறையில் ஓர் இளைஞர், மறைந்த தன் தாத்தாவின் கணினிக் கோப்புகளைக் கண்டெடுத்திருந்தார். தொண்ணூறுகளின் இறுதியில் தட்டச்சு செய்தவை. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் விசித்திரக் குறிகளும் கலந்த கிறுக்கல். அறையில் இருந்தவர்கள் திறமைசாலிகள். கோப்பு சிதைந்துவிட்டது, மீட்புக் கருவியை ஓட்டிப் பாருங்கள் என்று பல யோசனைகள் சொன்னார்கள். எதுவும் எடுபடவில்லை.

விடை தொடக்க அறையில் இருந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். பேநவ் பயன்படுத்தத் தயங்குவார், சிங்பாஸ் முகச் சரிபார்ப்பில் தடுமாறுவார். அதனால் தன்னைத் தொடக்கநிலை என்று எழுதிக்கொண்டவர். அந்தக் கிறுக்கலின் ஒரு படத்தைப் பார்த்ததுமே, "கோப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. இது பழைய எழுத்துருக் குறியீடு. அந்த எழுத்துரு இருந்தா தமிழ் தெரியும், இல்லன்னா யூனிகோடுக்கு மாத்தணும்" என்றார்.

அவருக்கு அது எப்படித் தெரியும் என்பது சிங்கப்பூரின் சொந்த வரலாறு. இணையத்தில் தமிழ் காலூன்றியதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. நா. கோவிந்தசாமி இங்கே கணியன் என்ற தமிழ்த் தட்டச்சு முறையை உருவாக்கினார். 1995இலேயே சிங்கப்பூரிலிருந்து வலைப்பக்கத்தில் தமிழ் எழுத்து ஏறியது. 1997இல் தமிழ்நெட் மாநாடு இங்கே நடந்தது. 2000இல் தமிழ் இணைய மாநாடும் நடந்து, உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அப்போது பிறந்தது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு 1991இலிருந்தே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தாலும், சாதாரணக் கணினிகளில் அது புழக்கத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. டிஸ்கி, டாப், டாம் என்று ஒவ்வொன்றிலும் கையால் தட்டிப் பழகிய தலைமுறை நம் ஆசிரியர்கள் தலைமுறை. அந்த விஷயத்தில் எங்கள் குழுவிலேயே அவரைவிடப் பெரிய அனுபவசாலி கிடையாது.

தாத்தாவின் கட்டுரைகள் சில நாட்களில் வாசிக்கும்படி வந்துவிட்டன. இரண்டு அறைகளும் தொடர்பே இல்லாமல் இருந்திருந்தால் அந்த இளைஞரும் ஆசிரியரும் சந்தித்தே இருக்க மாட்டார்கள். இதுவும் யாரோ ஒருவர் இங்கிருந்து அங்கே படத்தை எடுத்துப்போனதால் நடந்தது. ஒருவர் எல்லாவற்றிலும் புதியவராகவோ எல்லாவற்றிலும் கைதேர்ந்தவராகவோ இருப்பதில்லை. கிளவுட் சேவைகளை நடத்தும் பொறியாளர் ஒருவர், கைப்பேசி மாற்றியபின் அம்மாவின் சிங்பாஸை எப்படித் திரும்ப அமைப்பது என்று தெரியாமல் திணறினார். தொடக்க அறையில் போய்க் கேட்க அவருக்குக் கூச்சம். தனிச்செய்தியில் என்னிடம் கேட்டார்.

பெயர்ப்பட்டியல் என்ற ஆபத்து

பிரிப்பதில் நாங்கள் யாருமே யோசிக்காத ஒரு விஷயம் இருந்தது. "இவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதி ஒட்டிய ஓர் அறையில் பெரும்பாலும் முதியவர்கள். எல்லாருடைய தொலைபேசி எண்ணும் உறுப்பினர் பட்டியலில் தெரிகிறது. மோசடிக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அழைப்பு இணைப்பு எப்படியோ வெளியே போயிருக்கிறது. யாரும் அறியாத ஒருவர் சேர்ந்து, அறையில் ஒரு சொல்லும் எழுதாமல், கேள்வி கேட்டவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பத் தொடங்கினார்: "ஐயா, நான் உதவுறேன், வீடியோ கால் போட்டு ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க." 2023 ஆகஸ்ட் முதல் வாட்ஸ்அப் அழைப்பிலேயே திரையைப் பகிரலாம். அப்படிப் பகிர்ந்தால் வரும் ஓடிபியும் மறுமுனையில் தெரியும்.

செய்தி வந்த பெரியவர் ஒருவர் சந்தேகப்பட்டு அறையிலேயே கேட்டதால் விஷயம் வெளிப்பட்டது. இதற்குப் பிறகுதான் பிரிவினையை மறுபரிசீலனை செய்யலாம் என்று நிர்வாகிகள் இறங்கி வந்தார்கள். கலந்திருக்கும் குழுவிலும் இப்படி ஆள் நுழையலாம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யார் ஏமாறக்கூடியவர் என்பது வாசலில் எழுதியிருக்காது.

வெளியே மற்றவர்கள் செய்தது

இது எங்கள் குழுவுக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. இணையத்தின் தொடக்ககால விவாதக் குழுக்களான யூஸ்நெட் காலத்திலேயே புதியவர்களின் கேள்விக்கென்று தனிக் குழு இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய பல்கலைக்கழக மாணவர்கள் வந்து சேர்வார்கள், சில வாரங்களில் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொள்வார்கள். பழையவர்கள் நிறையவும் புதியவர்கள் கொஞ்சமாகவும் இருந்தவரை அது நடந்தது. 1993, 1994 வாக்கில் பொதுமக்களுக்கு இணைப்பு கொடுத்த நிறுவனங்கள் வழியாக வரவு நிற்காமல் தொடர்ந்தபோது அந்த ஏற்பாடு தாங்கவில்லை. லீனக்ஸ் உதவித் தளங்கள் சிலவற்றில் புதியவர் பகுதி இன்றும் நன்றாக நடக்கிறது. அனுபவசாலிகள் விரும்பி அங்கே வந்து உட்காருவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2024இல் கொண்டுவந்த முறை எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது. புதியவரின் கேள்வி பொதுவெளிக்கு வருமுன், அனுபவமுள்ளவர்கள் அதைப் பார்த்து, எது விட்டுப்போயிற்று என்று சொல்லித் திருத்த உதவுகிறார்கள். அங்கே தனியாக வைக்கப்படுவது கேள்வி, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. ஆளை ஒதுக்குவதில்லை.

திரும்பச் சேர்ந்த விதம்

பழையபடி எல்லாரையும் ஒரே அறையில் கொட்டியிருந்தால் பழைய புகார்களும் திரும்பியிருக்கும். கேள்வி எல்லாம் ஒரே இடத்தில் வரட்டும் என்று முடிவானது. வந்த கேள்வியைப் பார்த்து, எங்கே போக வேண்டும் என்பதைப் பதில் சொல்கிறவர்களே முடிவு செய்வார்கள். வீட்டு இணையம், தமிழ்த் தட்டச்சு, நிரல் எழுதுவது என்று பொருள்வாரியாகச் சில அறைகள். நீளும் உரையாடல் அங்கே போகும். யாரும் எதிலும் சேரலாம்.

பணம், வங்கி, சிங்பாஸ், தெரியாத ஆப் சம்பந்தப்பட்டவற்றுக்குத் தனி விதி. முதல் பதில் எப்போதும் "எதுக்காக இதைச் செய்றீங்க?" என்ற கேள்வியாக இருக்க வேண்டும். வழி சொல்லுமுன் அனுபவமுள்ள இன்னொருவர் சரி பார்க்க வேண்டும். தனிச்செய்தியில் உதவி கிடையாது. திரைப் பகிர்வு கிடையவே கிடையாது. சந்தேகம் என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண். இந்த விதியை மீறியதற்காக நல்ல உதவியாளர் ஒருவரையே சில நாள் விலக்கி வைத்தார்கள். அது கடுமையாகத் தோன்றலாம். மீன் கடை ஆப்பைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கேள்வி கேட்கும் முறையும் மாறியது. எந்தக் கைப்பேசி, என்ன செய்யப் பார்த்தீர்கள், திரையில் என்ன வந்தது என்ற மூன்றையும் எழுத்திலோ குரல்பதிவிலோ சொன்னால் போதும். குரல்பதிவை ஏற்றது சின்ன விஷயமாகத் தெரியும். தட்டச்சு வராத பல அம்மாக்கள் திரும்ப வந்தது அதனால்தான்.

"இங்க எல்லாரும் நம்ம மாதிரிதான்" என்ற அந்த நிம்மதிக்கு என்ன செய்வது? அதற்கு வாரக் கடைசியில் சமூக மன்றத்தில் ஒரு மேசை. தொடக்கநிலைக்காரர்கள் மட்டும், நான்கைந்து பேருக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். இங்கே பிரிப்பது நன்றாக வேலை செய்கிறது. ஒரே வேகத்தில் ஒரே பாடம் போகிறது, தப்பாகத் தட்டினால் வெட்கமில்லை, தப்பைப் பார்க்கத் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். தொடக்க அறையில் இல்லாமல் போனது இந்தக் கடைசி விஷயம்தான்.

இன்னும் தீராதவை உண்டு. அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் படங்களோடு தமிழில் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறோம். செயலி ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் படம் மாறிவிடுகிறது, பொத்தான் இடம் மாறிவிடுகிறது. பழைய குறிப்பு இருப்பது, குறிப்பே இல்லாததைவிட மோசம். அதைத் திருத்திக்கொண்டே இருக்க ஆள் போதவில்லை. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் கேட்கும் ஊழியர்களுக்கு இன்னும் காலைவரை பதில் கிடைப்பதில்லை.

பிரிக்க வேண்டும் என்று முதலில் வலியுறுத்திய வலையமைப்புப் பொறியாளர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டு இணைய அறையில் அடிப்படைக் கேள்வி வரக் கூடாது என்று இன்றும் வாதாடுகிறார். அவர் களைப்பில் நியாயம் இருப்பதால் நிர்வாகிகள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்த அறையை அவர் விருப்பப்படி நடத்தலாம். பதிலுக்கு, வாரத்தில் ஒரு மாலை பொதுக் கேள்வி அறையில் முறை பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு, ஒன்பது மணியிலிருந்து என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.